செஞ்சிக்குப் போவோம்... பேர் எழுதாமல் வருவோம்!

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் ஒருவன்)



நம்ம பக்கத்தில் பிறந்தவனுக்கு மலை என்றால் என்ன தெரியும்? நெல்லிக்குப்பத்தில் நின்று எந்தத் திசையில் திரும்பினாலும் கரும்புதான். நெய்வேலிப் பக்கம் போனால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண்மேடு இருக்கிறது. சின்ன வயசில் நான் அதைத்தான் மலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீங்க, உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்!

அதனால்தான் இரண்டாம் வருஷம் வகுப்பில் டூர் பேச்சு வந்ததும் ஆளாளுக்கு ஊட்டி என்றோம், கொடைக்கானல் என்றோம், மூணாறு என்றோம். கடைசியில் வசூலான பணத்தை எண்ணிப் பார்த்தால் பஸ் வாடகைக்கே பத்தாது. "செஞ்சிக்குப் போகலாம், காலையில் போய் ராத்திரி திரும்பிடலாம்" என்று ஒருவன் சொன்னான். "செஞ்சியா? அங்க என்ன மச்சான் இருக்கு? கல்லுதானே?" என்று எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

நானும் சுளித்தேன். ஆனால் எனக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று மலை, ஒரு ஊர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது செஞ்சி. விழுப்புரம் மாவட்டம். இன்றைக்குப் பார்த்தால் பஸ் நிலையம், கடைத்தெரு, மார்க்கெட் என்று சாதாரண ஊர். ஆனால் ஊரை விட்டு மேற்கே கொஞ்சம் போனதும் சாலையின் இரண்டு பக்கமும் மலைகள் எழும்பி நிற்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று. ராஜகிரிதான் உயரம், ஏறக்குறைய 800 அடி.

இந்த மலைகளைப் பார்த்தவுடன் ஒரு சந்தேகம் வரும். யாரோ ராட்சசன் பாறைகளைக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனானோ? நம்ம ஜியாலஜி பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது. கருங்கல்லில் இயற்கையாகவே குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டு. பூமிக்குள் இருக்கும்போதே அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஓரங்களை அரித்து மண்ணாக்கிவிடும். நடுவில் உள்ள கெட்டிக் கல் மட்டும் உருண்டையாக மிஞ்சும். பிறகு லட்சக்கணக்கான வருஷ மழையில் மேல்மண் கரைந்து போனால், உருண்டைகள் அடுக்கி வைத்த மாதிரியே வெளியே தெரியும். அடுக்கியவன் ராட்சசன் இல்லை, மழைதான்!

இந்த மூன்று மலைகளையும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மதில் போட்டால் முக்கோணம் முடிந்தது. மலை இருக்கும் இடத்தில் மலையே மதில். இடைவெளியில் மட்டும் மனிதன் கட்டினால் போதும். அப்படிக் கட்டியதே சுமார் 13 கிலோமீட்டர் நீளம். உள்ளே அடங்கிய இடம் 11 சதுர கிலோமீட்டர். கீழே உள்ள பெரிய மதில் சில இடங்களில் 20 மீட்டர் தடிமன், அதற்கு வெளியே 24 மீட்டர் அகலத்தில் அகழி. இவ்வளவு தடிமன் எதற்கு என்று கேட்கிறீர்களா? பீரங்கிக் குண்டு மோதினால் ஒல்லிச் சுவர் உடையும். தடித்த சுவர், அதிலும் உள்ளே மண் நிரப்பிய சுவர், குண்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். மணல் மூட்டையில் குத்து விட்டுப் பாருங்கள், கை வலிக்கும், மூட்டைக்கு ஒன்றும் ஆகாது.

யார் யார் கையில் இருந்தது?

கதை கோனார் வம்சத்திலிருந்து ஆரம்பிக்கிறது. ஆனந்தக் கோனார் 1190 வாக்கில் ராஜகிரியில் முதல் கோட்டையைக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு விஜயநகர அரசின் கீழ் செஞ்சி நாயக்கர்கள் வந்தார்கள். இன்று நாம் பார்க்கும் மதில், நெற்களஞ்சியம், கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்து வேலை. 1597-இல் இங்கே வந்த பிமெண்டா என்ற பாதிரியார், தாம் இந்தியாவில் பார்த்த பெரிய நகரங்களில் இதுவும் ஒன்று என்று எழுதி, லிஸ்பன் நகரத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். இன்றைய செஞ்சிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு இதை யோசித்துப் பாருங்கள்!

1649 வாக்கில் பிஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-இல் சத்ரபதி சிவாஜி பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அவர் போட்டு வைத்த அந்தக் கணக்கு பின்னால் அவர் மகனுக்கு உதவியது. 1689-இல் சம்பாஜி கொல்லப்பட்டபின், தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி, இவ்வளவு தூரம் வந்து செஞ்சியில் உட்கார்ந்தார். மராட்டியரின் தலைநகரமே சில வருஷம் நம்ம தென்னாற்காட்டில்தான் இருந்தது!

எட்டு வருஷமும் ஒரு ராத்திரியும்

ஒளரங்கசீப் சும்மா விடுவாரா? தளபதி சுல்பிகர்கானை அனுப்பினார். 1690-இல் முற்றுகை ஆரம்பித்தது. முடிந்தது 1698-இல்! ஏன் இவ்வளவு காலம்? முதல் காரணம் கோட்டையின் அளவு. இவ்வளவு பெரிய முக்கோணத்தைச் சுற்றி வளைக்க எந்தப் படைக்கும் ஆள் பத்தாது. ஒரு வாசலை அடைத்தால் இன்னொரு வாசலில் அரிசி உள்ளே போகும். இரண்டாவது, வெளியிலிருந்து சந்தாஜி, தனாஜி என்ற மராட்டியத் தளபதிகள் வந்து முற்றுகையிட்டவர்களையே தாக்கினார்கள். மூன்றாவதாக, சுல்பிகர்கானே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்ற பேச்சும் உண்டு. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, தப்பிப் போயிருந்தார்.

பிறகு கோட்டை சொரூப்சிங் என்ற ராஜபுத்திரர் பொறுப்புக்கு வந்தது. அவர் மகன் தேஜ்சிங். ஆமாம், நம்ம தேசிங்கு ராஜாதான்! தெருக்கூத்தில் பார்த்திருப்பீர்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து படமும் வந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பம் கேட்க, கொடுக்க மாட்டேன் என்று சின்னப் படையோடு எதிர்த்து நின்று, 1714 அக்டோபரில் போர்க்களத்தில் இறந்தார். வயசு 22 என்கிறார்கள். அதாவது நம்மைவிட இரண்டு மூன்று வயசுதான் மூத்தவர். அவரோடு உயிர் கொடுத்த நண்பர் மகமத்கான் என்ற முஸ்லிம். கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, ஜெயித்த நவாப் காலத்து மசூதியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

இப்போது அந்த ஒரு ராத்திரி. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். கோட்டைக்கு வெளியே தோற்று ஓடிய முகமதலியின் படை உள்ளே புக, அதைத் துரத்திக்கொண்டே வந்து வெடி வைத்துக் கதவை உடைத்து, விடிவதற்குள் மலைக்கோட்டைகளையும் பிடித்துவிட்டார்கள். எட்டு வருஷம் நின்ற அதே மதில், அதே அகழி, அதே மலை! என்ன வித்தியாசம்? உள்ளே இருந்தவர்களுக்குத் தைரியம் போயிருந்தது, அவ்வளவுதான். பிறகு 1761-இல் பாண்டிச்சேரி விழுந்ததும் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இன்னொரு சேதி. பாண்டிச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கல் தூண்கள் நிற்குமே, அவை செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை! எத்தனை தடவை அதன் கீழே உட்கார்ந்து கடலை கொறித்திருக்கிறோம்? ஒருத்தருக்காவது தெரியுமா?

உண்மையான கோட்டை எது?

மதிலும் மலையும் இருக்கட்டும். பொறியியல் படிக்கிற நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இத்தனை ஆயிரம் பேர், குதிரை, யானை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டால் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

அரிசியைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். செஞ்சிக் களஞ்சியங்களைப் பார்த்தாலே தெரியும், வளைவுக் கூரை போட்ட பிரம்மாண்டமான கட்டடங்கள், உத்தரமே கிடையாது. ஆனால் தண்ணீரை மூட்டை கட்ட முடியாதே!

விடை மலையிலேயே இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வெறும் பாறைமேல் பெய்யும் மழை உள்ளே இறங்காது. பெரும்பாலும் அப்படியே வழிந்து வரும். ஒரு ஹெக்டேர் பாறை, அதாவது 10,000 சதுர மீட்டர். இந்தப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால் 10,000 கன மீட்டர் தண்ணீர். அதாவது ஒரு கோடி லிட்டர்! பாதி ஆவியாகவும் கசிந்தும் போனால்கூட 50 லட்சம் லிட்டர் மிச்சம். இது ஒரே ஒரு ஹெக்டேரில். மூன்று மலைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆக, எதிரியைத் தடுக்கும் மலையே தண்ணீர் பிடிக்கும் தட்டும் ஆகிறது. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், யானைக்குளம். மலைமேலேயும் சுனைகள் உண்டு. கீழே எல்லாம் பறிபோனாலும் மேலே இருப்பவன் தாகத்தால் சாகமாட்டான்.

கல்யாண மகாலை மறக்காமல் பாருங்கள். சதுர முற்றத்துக்கு நடுவில் ஏழடுக்குக் கோபுரம், உச்சியில் கூம்புக் கூரை, ஒவ்வொரு அடுக்கிலும் சின்னதாக ஓர் அறை. மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து, மேல் மாடிகள் வரை ஏறியது என்கிறார்கள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. எப்படி? நம்ம கொத்தனார் கையில் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் விடை. குழாயின் ஒரு முனை எந்த உயரமோ, அடுத்த முனையிலும் தண்ணீர் அந்த உயரத்துக்கு வரப் பார்க்கும். மேட்டில் தேக்கி வைத்தால், நடுவில் பள்ளத்தில் இறங்கினாலும் மறுபடி ஏறிவிடும். 10 மீட்டர் உயரத் தண்ணீர், குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். சுட்ட மண் குழாயில், கசியாத மூட்டுப் போட்டு இதைச் செய்ய வேண்டுமென்றால் அந்தக் குயவருக்கும் கொத்தனாருக்கும் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! அவர்கள் யாரிடம் டிப்ளமோ வாங்கினார்கள்?

நம்ம நெய்வேலியில் இதற்கு நேர் எதிர். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை ராத்திரி பகலாக இறைத்தால்தான் சுரங்கமே நடக்கும். அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்தால் பிழைப்பு, இங்கே வெளியேற்றினால் பிழைப்பு. இரண்டுக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான்.

ஆனால் அதே தண்ணீர் எமனாகவும் வந்தது. செஞ்சிக் காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு நடுக்கம். பிரெஞ்சுக்காரர் கையில் கோட்டை இருந்த பத்து வருஷத்தில், சண்டையைவிடக் காய்ச்சலில் அவர்கள் அதிகம் பேரைப் பறிகொடுத்தார்கள் என்று பழைய வரலாற்றில் படிக்கிறோம். சுற்றிலும் மலை, காற்றோட்டம் குறைவு, தேங்கிய குளங்கள். கொசுவுக்குக் கல்யாண மகால்! மலேரியாவுக்குக் காரணம் கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்ததே 1897-இல்தான். அதுவரை கெட்ட காற்று என்றே நினைத்தார்கள். பீரங்கிக்கு அசையாத ஊரைக் கொசு காலி செய்ததில் பங்கு உண்டு.

மலை சூழ்ந்த மற்ற ஊர்கள்

இப்படி மலையை மதிலாக நம்பிய ஊர் செஞ்சி மட்டுமல்ல. வேலூரைச் சுற்றியும் மலைக்கோட்டைகள் உண்டு. இலங்கையில் கண்டி நகரம் மலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. கடற்கரை முழுக்கப் பறிபோன பிறகும் அந்த ராஜ்யம் 1815 வரை தாக்குப்பிடித்தது. அதன் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் சிறை வைத்தது எங்கே தெரியுமா? நம்ம வேலூர்க் கோட்டையில்! 1832-இல் அங்கேயே இறந்தார். மலை ஊரில் ஆண்டவர் மலை ஊரிலேயே முடிந்தார்.

எப்படிப் போவது? என்ன பார்ப்பது?

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வழியாக விழுப்புரம். அங்கிருந்து செஞ்சிக்கு அடிக்கடி பஸ். எல்லாம் சேர்த்து எண்பது கிலோமீட்டருக்குள். நெய்வேலிக்காரர்களும் பண்ருட்டியில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

மார்கழி, தை மாதம் நல்லது. சித்திரையில் போனால் பாறை தோசைக்கல் ஆகிவிடும்! காலை எட்டு மணிக்கே அடிவாரத்தில் நில்லுங்கள். மதியத்துக்கு மேல் ராஜகிரியில் ஏற விட மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், கேன்வாஸ் ஷூ போடுங்கள். தின்பண்டத்தைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் உங்கள் நண்பர்களைவிட வேகம்!

முதலில் கீழ்க்கோட்டையைப் பாருங்கள்: கல்யாண மகால், களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், குதிரை லாயம், யானைக்குளம். பிறகு ராஜகிரி ஏறுங்கள். மூச்சு வாங்க வாங்கப் படி ஏறி உச்சிக்குப் பக்கத்தில் போனால், பாறை பிளந்து பெரிய பள்ளம் குறுக்கிடும். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் போதும், பத்துப் பேர் இருந்து ஒரு படையையே நிறுத்தலாம். மேலே கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. அங்கிருந்து கீழே பார்த்தால் நான் சொன்ன முக்கோணம் வரைபடம் போல அப்படியே தெரியும். சர்வே பிராக்டிகலில் ஒரு மாசம் புரியாதது எனக்கு அங்கே ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

நேரம் இருந்தால் பக்கத்தில் திருநாதர்குன்றுக்குப் போங்கள். பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய மிகப் பழைய கல்வெட்டும் அங்கே உண்டு. விழுப்புரம் திரும்பும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மப் பல்லவர் கல்லிலேயே எழுதி வைத்த குடைவரை. சிவில் பசங்க கட்டாயம் பார்க்கணும்!

நான் செய்த தப்பு

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை செஞ்சிக்கு வந்திருக்கிறேன். ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து, களஞ்சியத்துச் சுவரில் என் பேரைக் கீறினேன். பக்கத்தில் ஏற்கெனவே நூறு பேர் கீறியிருந்தார்கள், நானும் கீறினேன். அப்போது பெரிய வீரம் மாதிரி இருந்தது.

டூரில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் அந்தச் சுவரைத் தேடிப் போனேன். இருந்தது. என் பேர், கோணல் எழுத்தில். மழைத் தண்ணீர் அந்தக் கீறல் வழியாகவே இறங்கி, சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிந்தது. ஐந்தாறு வருஷத்தில்!

என் அப்பா கொத்தனார். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "பூசிட முடியாதாப்பா?" என்று கேட்டேன்.

"பூசலாம்டா. ஆனா அது ஒட்டு. அந்தக் காரைக்குச் சுண்ணாம்பை நாள்கணக்கா ஊற வெச்சு, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, கையால இடிச்சுத் தேச்சிருப்பான். அப்படித் தேய்க்கிற ஆளு இப்போ எத்தன பேரு இருக்கான்? சிமெண்ட வெச்சுப் பூசினா பழைய சுவரு மூச்சு விட முடியாம இன்னும் உதிரும். ஒருத்தன் ஒரு வாரம் தேச்சத நீ ஒரு நிமிஷத்துல கீறிட்டு வந்துட்ட" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

யோசித்துப் பாருங்கள், நண்பர்களே. ஒளரங்கசீப் படை எட்டு வருஷம் நின்றும் அசைக்க முடியாத கோட்டை. அதை டிவைடரால் உதிர வைத்தவன் நான்!

1921-லேயே இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. உலகமே பார்க்க வரப்போகிறது. அவர்கள் அந்தச் சுவரில் என் பேரையும் படிப்பார்கள். வெட்கமாக இருக்கிறது.

நாளைக்கு நாமும் பாலம் கட்டுவோம், வீடு கட்டுவோம், குழாய் பதிப்போம். செஞ்சி மதிலைக் கட்டிய கொத்தனார் ஒருத்தர் பேரும் அங்கே எழுதியில்லை. ஆனால் அவர் வேலை நிற்கிறது. நம் பேர் நிற்க வேண்டிய இடம் சுவர் இல்லை, நாம் செய்யப்போகும் வேலை.

ஊட்டி எங்கேயும் போய்விடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குக் கிளம்புங்கள். டேப், நோட்டு, பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து பாருங்கள், வரைந்து பாருங்கள்.

டிவைடரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்!